பழைய காரை 6,000 கி.மீ. பயணத்துக்குத் தயார் செய்தது: ஆறு வாரப் பதிவு

வண்டி திரும்பி வந்து நிற்கிறது. மீட்டரில் கூடியிருப்பது 6,214 கி.மீ. வழியில் கெட்டவை இரண்டே இரண்டு: பின் சீட்டுக்கு இழுத்த சார்ஜர் சாக்கெட், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. இரண்டுமே கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளில் கைவைத்தவை. ஒரு மாதம் முன்னாலேயே கழற்றி மாட்டிய வாட்டர் பம்ப், பெல்ட், பிரேக், டயர் எதுவும் வாயைத் திறக்கவில்லை. அந்த வேலைகளிலும் தப்பு நடந்தது. ஆனால் வீட்டைச் சுற்றி ஓட்டும்போதே அவை பல்லைக் காட்டிவிட்டதால் திருத்த நேரம் இருந்தது.

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், கையால் மாற்றும் கியர், 11 வயது, 1,18,000 கி.மீ. ஓடியது. அன்றாட ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றாட ஓட்டம் என்றால் 20 நிமிடம், ஒரே ஆள், காலி டிக்கி. பயணத்தில் அதே வண்டி நான்கு பேரையும் மூட்டை முடிச்சையும் சுமந்துகொண்டு நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடவேண்டும். 20 நிமிடத்தில் தெரியாத கசிவும் சூடும் நான்காவது மணி நேரத்தில் தெரியும்.

முதல் வாரம்: ஸ்பானரைத் தொடாமல்

முதல் வாரம் எதையும் கழற்றவில்லை, அளந்து எழுதியது மட்டும்தான். மல்டிமீட்டர், டயர் பிரஷர் கேஜ், வெர்னியர் காலிப்பர், டார்ச், வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓபிடி ரீடர், ஒரு நோட்டு. ராத்திரி முழுக்க எஞ்சினுக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வைத்தோம். காலையில் அட்டையில் சின்னதாக ஒரு ரோஸ் நிறப் புள்ளி. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கூலன்ட்.

அந்த வாரத்தில் எழுதியவை: கூலன்ட் டேங்க்கில் குறைந்த அளவுக் கோட்டுக்கும் கீழே. முன் பிரேக் பேட், இடது சக்கரத்தில் வெளிப்பக்கம் 8 மி.மீ., உள்பக்கம் 4 மி.மீ. டயர்களில் கட்டை (தரையில் தேயும் ரப்பர்) 4 மி.மீ. மிச்சம், ஆனால் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு. காலை ஸ்டார்ட் சோம்பல். ஆயில் மட்டம் சரி.

ஆயில் மட்டம் சரி என்பதோடு விட்டுவிடக் கூடாது. எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் கேள்வி. டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஊற்றி, கி.மீ. எழுதி வைத்து, ஆறு வாரமும் ஓட்டினோம். 1,000 கி.மீ.க்கு ஏறக்குறைய கால் லிட்டர். இந்த வயதுக்கு இது நோயல்ல. ஆனால் 6,000 கி.மீ.க்கு ஒன்றரை லிட்டர் ஆகிறது. இந்த எஞ்சினின் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே இருப்பதே ஒரு லிட்டர். கிளம்பும்போது நிரப்பிவிட்டு மறந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தூரம் போகும்போதே கீழ்க் கோட்டைத் தொட்டிருக்கும்.

பெல்ட்டும் பம்பும்

இந்த எஞ்சினில் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் ரப்பர். அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும் வகை. அறுந்த இடத்திலேயே பயணம் முடிந்தது, எஞ்சின் ஹெட்டையும் இறக்கவேண்டி வரும். பெல்ட்டுக்கு கிலோமீட்டர் கணக்கும் உண்டு, வருடக் கணக்கும் உண்டு. எது முந்துகிறதோ அதுதான் கெடு. கடைசியாக மாற்றி 52,000 கி.மீ.தான், ஆனால் ஆறு வருடம் தாண்டிவிட்டது. கவரைத் திறந்து பார்த்தால் பெல்ட் புதிது போலத்தான் இருந்தது. அந்தத் தோற்றத்தை நம்பி மாட்டி வைப்பதில் அர்த்தமில்லை. உள்ளே நூல் களைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

அட்டையில் விழுந்த ரோஸ் புள்ளிக்கும் இங்கேதான் பதில் கிடைத்தது. வாட்டர் பம்ப்பின் உடம்பில் கீழ்நோக்கி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அதன் வழியாகத்தான் சொட்டும். அந்த ஓட்டையைச் சுற்றி ரோஸ் நிற உப்புப் படிவு காய்ந்து கிடந்தது. பம்ப்பைச் சுழற்றுவதும் இதே பெல்ட்தான். எனவே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் ஐட்லர், பம்ப் நான்கையும் ஒரே செட்டாக மாற்றினோம். பெல்ட்டை மட்டும் மாற்றி, பழைய டென்ஷனரை மறுபடி மாட்டுவது பொய்யான சிக்கனம். அதன் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் சேர்ந்து போகும்.

மாட்டும்போது ஒன்றைத் தவிர்க்கவே கூடாது: பெல்ட் ஓடும் பற்சக்கரங்களைப் பொருத்துவதற்கான குறிகள் மூன்றும் நேராக நிற்கின்றன என்று தெரிந்த பிறகும், கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி குறிகளைப் பார்க்கவேண்டும். முதல் தடவை சுற்றியபோது கேம் குறி ஒரு பல் தள்ளி நின்றது. டென்ஷனர் பின்னை உருவியபோது பெல்ட்டின் தளர்வு தப்பான பக்கம் போயிருந்தது. சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்து சோதிப்பது என்று இருந்திருந்தால் அந்தச் சோதனைக்கு விலை அதிகம்.

கூலன்ட்: இரண்டு தப்பு

மிக அதிக நேரம் எடுத்தது இதுதான். வேலை கடினம் என்பதால் அல்ல, கணக்கைப் போடாததால்.

சிஸ்டத்தின் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர். பழையதை வடித்து, காய்ச்சி வடித்த நீரை ஊற்றி ஓடவிட்டு அலசி, மறுபடி வடித்தோம். வெளியே வந்தது 3.2 லிட்டர். மிச்சம் 1.8 லிட்டர் எஞ்சின் பிளாக்குக்குள்ளும் ஹீட்டர் குழாய்களிலும் தங்கிவிட்டது. அது இப்போது ஏறக்குறைய வெறும் தண்ணீர். அதன்மேல் கடையில் கிடைக்கும் பாதிக்குப் பாதி கலந்த ரெடிமேட் கூலன்டை 3.2 லிட்டர் ஊற்றினோம். அதில் உண்மையான கூலன்ட் 1.6 லிட்டர்தான். மொத்தம் ஐந்துக்கு 1.6 என்றால் 32 சதவீதம். கலவையில் கூலன்ட் எவ்வளவு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை. கொதிநிலையைத் தூக்குவதும், அலுமினியம் அரிக்காமல் காப்பதும் அதன் வேலை. அது நீர்த்துப் போனால் இரண்டும் குறையும்.

சரியான வழி: அலசிய பிறகு கலக்காத கெட்டிக் கூலன்டை, மொத்தக் கொள்ளளவில் பாதி, அதாவது 2.5 லிட்டர், முதலில் ஊற்றவேண்டும். பிறகு நிறையும் வரை காய்ச்சி வடித்த நீர். உள்ளே தங்கியது எவ்வளவு என்று கணக்கிடவே தேவையில்லை, கலவை தானாகப் பாதிக்குப் பாதி ஆகும். மறுபடி வடித்து இப்படியே செய்தோம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும்.

இரண்டாவது தப்பு தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடேறும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. பழையதை வெந்நீரில் போட்டுச் சோதித்தோம். நூல் கட்டிப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, அடியில் படாமல் வைத்து, தெர்மாமீட்டரோடு சூடாக்கவேண்டும். மேலே 82 என்று அடித்திருந்தது, ஆனால் 76 டிகிரியிலேயே திறக்க ஆரம்பித்தது. புதிது 82இல் திறந்தது. மாட்டினோம். எஞ்சினை ஓடவிட்டால் வெப்பநிலை 104 வரை ஏறுகிறது, ஹீட்டரைத் திறந்தால் குளிர்காற்று. எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டர் சில்லென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

காற்றை வெளியேற்ற ஒரு மணி நேரம் போராடிவிட்டு, தெர்மோஸ்டாட் கவரைத் திறந்து பார்த்தோம். அதன் தட்டில் ஒரு சின்ன ஆடும் ஊசி இருக்கிறது. காற்று வெளியேறத்தான் அது. அது மேலே, மணி 12 காட்டும் இடத்தில் இருக்கவேண்டும். நாங்கள் மாட்டியதில் கீழே இருந்தது. காற்று மேலே நிற்கும், ஓட்டை கீழே இருந்தால் எங்கே போகும்?

திருப்பி மாட்டியபின் முறை இதுதான்: வண்டியின் முன்பக்கத்தை ராம்ப்பில் ஏற்றி ரேடியேட்டர் வாயை எல்லாவற்றையும்விட உயரத்தில் நிறுத்து. குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து பெரிய புனலை இறுக்கமாகச் செருகு. ஹீட்டர் முழுச் சூட்டில், ஃபேன் குறைந்த வேகத்தில். ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைத் துணி சுற்றிப் பிசைந்துகொண்டே இரு. புனலில் குமிழி வருவது நிற்கும் வரை, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை. 600 மி.லி. கூடுதலாக இறங்கியது. இதற்குப் பிறகு ராத்திரி ஆறவிட்டு, காலையில் மறுபடி மட்டம் பார்க்கவேண்டும். இன்னும் 100 மி.லி. போனது. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள் என்பதை இங்கேயும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ரேடியேட்டர் மூடியும் புதிது போட்டோம், 1.1 பார் அழுத்தம் என்று அதன்மேல் இருக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கொதிநிலை இறங்கும். மொத்த வேலையில் மிக மலிவான உதிரிபாகம் இது. ஓவர்ஹீட் தேடலில் பலரும் கடைசியாகப் பார்ப்பதும் இதைத்தான்.

பத்து நாள் கழித்து அட்டையில் மறுபடி புள்ளி. இந்தத் தடவை கீழ் ஹோஸ். பழைய ஸ்பிரிங் கிளாம்ப்பை எடுத்துவிட்டு, திருகி இறுக்கும் கிளாம்ப் போட்டிருந்தோம், அதுதான் உறுதி என்று நினைத்து. புது ரப்பர் சில தடவை சூடேறி ஆறியதும் கொஞ்சம் அமுங்குகிறது. திருகு கிளாம்ப் அப்படியே நிற்கும், ஸ்பிரிங் கிளாம்ப் பின்தொடர்ந்து இறுகும். எனவே சூட்டில் கசியாமல், குளிர்ந்த காலையில் மட்டும் சொட்டியது. பழைய ஸ்பிரிங் கிளாம்ப்பையே திரும்பப் போட்டோம். அட்டை அதன்பின் காய்ந்தே கிடந்தது.

பிரேக்

உள்பேட் 4, வெளிபேட் 8 என்ற அளவே கதையைச் சொல்லிவிட்டது: பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய பின்களில் ஒன்று இறுகிவிட்டது. கழற்றினால் கீழ்ப் பின் துருப்பிடித்துக் காய்ந்திருந்தது. டிஸ்க் தடிமன் 20.3 மி.மீ.; விளிம்பில் குறைந்தபட்சம் 18 என்று பொறித்திருக்கிறது, ஆகவே டிஸ்க்கை மாற்றவில்லை. பேட் நான்கும் புதிது.

பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸ் போட்டு மாட்டினோம். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும், மறுபடி இறுகும். மாட்டிய பிறகு 20 கி.மீ. ஓட்டி, கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கைத் தொடாமல் வந்து நிறுத்தி, லேசர் தெர்மாமீட்டரால் டிஸ்க்கை அளந்தோம். வலது 95 டிகிரி. இடது 160. மறுபடி கழற்றினோம். இரண்டு பின்னும் ஒன்றல்ல. ஒன்றின் முனையில் ரப்பர் உறை உண்டு, அதற்கு ஒரு குறிப்பிட்ட துளை உண்டு. மாற்றி மாட்டியிருந்தோம். சரியாக மாட்டியபின் வித்தியாசம் 10 டிகிரிக்குள் வந்தது. ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டி முடித்தபின் மறுபக்கத்தைத் தொட்டிருந்தால் பார்த்து ஒப்பிட ஒரு மாதிரி இருந்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப்போட்டது அவசரம்.

இந்த லேசர் தெர்மாமீட்டர் பிறகு பயணத்திலும் தினமும் பயன்பட்டது. நான்கு சக்கரத்தையும் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் தனித்துச் சூடாக இருந்தால் பிரேக்கோ பேரிங்கோ ஏதோ கேட்கிறது என்று அர்த்தம்.

பிரேக் ஆயில் மூன்று வருடப் பழசு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் நிறைந்த வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்தால் காலிப்பருக்குள் அந்தச் சூடு எட்டக்கூடியதுதான். ஆயில் கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும். சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து 800 மி.லி. செலவானது. நான்கு சக்கரத்திலும் தெளிந்த நிறம் வரும் வரை வடித்தோம். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் பார்ப்பதே நல்லது.

டயர்

டயரின் பக்கச் சுவரில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின்னே வரும் கடைசி நான்கு எண்தான் அதன் பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 0818 என்றால் 2018ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். கட்டை மிச்சமிருக்கிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த டயர்கள் மூன்றில் இதுவே இருந்தது. நான்காவது இடையில் பஞ்சராகி மாற்றியது, மூன்று வருடம் இளையது. நான்கு புதிது வாங்கி, அந்த இளையதை ஸ்டெப்னி ஆக்கினோம். வண்டியோடு வந்த பழைய ஸ்டெப்னி தரையையே தொட்டதில்லை, பார்க்கப் பளபளப்பு. வயது 11. அதைத் தூக்கிப் போட்டாயிற்று.

வாங்கும்போது அளவு மட்டும் பார்த்தால் போதாது, அதற்குப் பின்னால் வரும் சுமை எண்ணையும் பார்க்கவேண்டும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். விலை குறைந்த ஒன்றில் அதே அளவில் 81 இருந்தது, அது 462 கிலோ. நிறைந்த வண்டிக்கு வண்டியைத் தயாரித்தவர் சொன்ன எண்ணுக்குக் கீழே போகக்கூடாது. டயரோடு ரப்பர் வால்வையும் மாற்றினோம்.

நட் இறுக்கம் 100 நியூட்டன் மீட்டர். வண்டியோடு வரும் 25 செ.மீ. கைப்பிடியில் 40 கிலோ எடையை முனையில் வைத்து அழுத்துவது போல. அதன்மேல் ஏறிக் குதித்தால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிடும், வழியில் கழற்ற வராது. 80 கி.மீ. ஓட்டியபின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்ததில் வலது பின் சக்கரத்தில் இரண்டு நட் கால் சுற்று இறங்கின. வீலும் ஹப்பும் சேரும் முகத்தில் துருத் தூள் இருந்தது, ஓடியதும் அது நசுங்கி இடம் விட்டிருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டினோம்.

காற்று: கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இரண்டு கணக்கு இருக்கும். இந்த வண்டிக்கு இரண்டு ஆளுக்கு 33, நிறைந்த வண்டிக்குப் பின் சக்கரத்தில் 36 பிஎஸ்ஐ. குளிர்ந்த டயரில் காலையில் பார்க்கவேண்டும். ஓடிய பிறகு நான்கைந்து கூடியிருக்கும், அதைப் பார்த்துக் காற்றை இறக்குவது தப்பு. கைவசம் இருந்த இரண்டு கேஜும் ஒரே டயரில் 3 பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டின. மூன்றாவதாக ஒன்றை வாங்கி, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்தோம்.

பிறகு வண்டியில் இருக்கும் சாமான்களை மட்டும் வைத்து ஒரு சக்கரத்தை மாற்றிப் பார்த்தோம். காற்றில்லாத டயரோடு. இது முக்கியம். நல்ல டயரோடு ஜாக்கி சுலபமாக உள்ளே போகும், பஞ்சரானால் வண்டி தாழ்ந்து ஜாக்கிக்கு இடமே இருக்காது. பழைய ஜாக்கி நுழைந்தது, ஆனால் காற்றடைத்த டயரை மாட்டும் உயரத்துக்குத் தூக்கவில்லை. மெல்லிய தலையும் அதிக உயரமும் உள்ள ஒன்று வாங்கி, கூடவே மண்ணில் புதையாமல் இருக்க 30 செ.மீ. சதுரப் பிளைவுட் துண்டு ஒன்று, 18 மி.மீ. தடிமன். திருட்டுத் தடுப்பு நட்டின் சாவி டூல் பையில் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அது வீட்டு அலமாரியில் இருந்தது.

கரன்ட்

காலை ஸ்டார்ட் சோம்பல் என்றதும் எல்லாருக்கும் வரும் முதல் எண்ணம் பேட்டரி. நான்கரை வருடம் ஆன பேட்டரி, சந்தேகப்படுவதும் நியாயம். ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த பின் 12.6 வோல்ட். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி முனையில் 10.4, அது நல்ல எண். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்தோம். 0.7 வோல்ட். அங்கே 0.2க்கு மேல் இருக்கக் கூடாது. பேட்டரி மைனஸை எஞ்சினோடு இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றி, இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, வாஸலின் தடவி இறுக்கினோம். 0.12. ஸ்டார்ட் ஒரே சொடுக்கில். புதுப் பேட்டரி வாங்கும் காசு மிச்சம்.

சார்ஜிங் பார்க்கும்போது ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு 1,500 சுற்றில் பார்க்கவேண்டும். 13.7 வந்தது. சும்மா ஓடும்போது வரும் 14.2 ஒன்றும் சொல்லாது.

சாக்கெட் கதை கடைசி இரண்டு நாளில். பின் சீட்டுக்காரர்களுக்கு போன் சார்ஜர் வேண்டும் என்று பேட்டரியிலிருந்து நேராக ஒரு லைன். கைவசம் இருந்தது 1 சதுர மி.மீ. ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், சீட்டுக்கு அடியில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு. போனுக்கு அது போதும். பயணத்தின் மூன்றாம் நாள் அதே சாக்கெட்டில் காற்றடிக்கும் கம்ப்ரஸரைச் செருகினோம், அது 12 ஆம்பியர் இழுக்கிறது. போக வர 8 மீட்டர் ஒயரின் தடை 0.14 ஓம், 12 ஆம்பியரில் 1.7 வோல்ட் ஒயரிலேயே தொலைகிறது, 20 வாட் சூடாக. முறுக்கின இடத்தில் இன்னும் கூடுதல். டேப் இளகி, இரண்டு கம்பியும் தொட்டு, ஃபியூஸ் போனது. ஃபியூஸைப் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்திருந்ததால் அதோடு முடிந்தது. சாக்கெட் பக்கம் வைத்திருந்தால் ஒயர் முழுக்க எரிந்திருக்கும். 2.5 சதுர மி.மீ. ஒயரும் நசுக்கிப் பிடித்த (கிரிம்ப்) இணைப்பும் போட்டிருந்தால் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் நின்றிருக்கும். கம்ப்ரஸரை அதன்பின் பேட்டரி முனையில் கிளிப் மாட்டியே ஓட்டினோம்.

எடை

வண்டியின் பட்டயத்தில் மொத்த எடை வரம்பு 1,375 கிலோ. டேங்க் நிறைய பெட்ரோலோடு காலி வண்டியை எடை மேடையில் ஏற்றினால் 945. மிச்சம் 430. நான்கு பேர் 265, பெட்டிகள் 110, டூல்ஸும் உதிரியும் 22, தண்ணீர் 20. ஆக 1,362. வரம்புக்குள் 13 கிலோ. கூரையில் கேரியர் வைக்கும் யோசனை இங்கேயே செத்தது. கேரியரே 12 கிலோ.

பின் அச்சை மட்டும் தனியாக எடை போட்டதில் 715. அதன் வரம்பு 700. மொத்தம் சரியாக இருந்தும் இது தாண்டியது. தண்ணீரையும் டூல்ஸையும் டிக்கியிலிருந்து எடுத்து முன் சீட்டின் பின்னால் தரையில் வைத்ததும் 690க்கு வந்தது. டிக்கியில் இருப்பது பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடை. அது முன் சக்கரத்தையும் தூக்கிவிடும்.

சுமை ஏறியதும் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் உயரத்தில் சுவரில் டேப் ஒட்டி, ஒளியின் மேல் விளிம்பு அதற்கு 10 செ.மீ. கீழே வரும் வரை டேஷ்போர்டு சக்கரத்தைத் திருப்பினோம். 2ஆம் எண்ணில் நின்றது.

ஐந்தாம் வாரம், இதே எடையோடு 400 கி.மீ. ஒரே நாளில். ஒரு மணி நேரம் ஏற்றம், ஒரு மணி நேரம் இருட்டு. ஓபிடி ரீடரில் கூலன்ட் வெப்பநிலை சமதரையில் 90, ஏசியோடு ஏற்றத்தில் 98. 105க்கு அலாரம் வைத்தோம். டேஷ்போர்டு முள்ளை நம்பவேண்டாம். இந்த வண்டியில் 80 டிகிரியிலும் 100 டிகிரியிலும் அது ஒரே இடத்தில் நடுவில் நிற்கிறது. அது நகர்ந்தால் விஷயம் ஏற்கெனவே கைமீறியிருக்கும். வைப்பர் பிளேடு, ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட் எல்லாம் இந்த ஓட்டத்துக்கு முன்னாலேயே முடிந்தவை, சொல்ல ஒன்றுமில்லை.

கூட எடுத்துப்போனவை: ஆயில் 2 லிட்டர், கலந்த கூலன்ட் 2 லிட்டர், மேல் ஹோஸ் ஒன்று, ஆல்டர்னேட்டர் பெல்ட், ஃபியூஸ் கலவை, ஒரு ரிலே, ஹெட்லைட் பல்பு, தானாக ஒட்டும் சிலிக்கோன் டேப், டியூப்லெஸ் பஞ்சர் கிட், கேபிள் டை, 8 முதல் 19 வரை சாக்கெட், டார்க் ரெஞ்ச், கையுறை. சாலை ஓரத்தில் மாற்ற முடியாத எதையும் எடுக்கவில்லை. ஆல்டர்னேட்டர் பெல்ட்டை மாற்ற எந்தெந்த ஸ்பானர் வேண்டும் என்று வீட்டில் ஒருமுறை கழற்றிப் பார்த்தே பையில் போட்டோம்.

கடைசி மாலை ஆயில் மாற்றியது தேவையில்லாத ஆசை. புது ஆயிலோடு கிளம்பலாமே என்று. வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர், ஃபில்டர் ரப்பர் தொட்டபின் முக்கால் சுற்று, 3.5 லிட்டர், எல்லாம் சரி. அடித்தட்டைத் திரும்ப மாட்டும்போது பிளாஸ்டிக் கிளிப் மூன்று உடைந்தது, கடை மூடியிருந்தது, கேபிள் டை போட்டுக் கட்டினோம். பயணத்தின் இரண்டாம் நாள் வேகத்தில் காற்று புகுந்து முன் விளிம்பு கிழிந்து தரையில் உரசியது. ஓரத்தில் நிறுத்தி முழுத் தட்டையும் கழற்றி டிக்கியில் போட்டு, மிச்சத் தூரத்தை அது இல்லாமலே ஓட்டினோம்.

செலவைப் பங்கு பிரித்தால் டயர் ஏறக்குறையப் பாதி, பெல்ட்–பம்ப் செட் கால் பங்கு, மற்ற எல்லாம் சேர்ந்து மிச்சம். திரும்பியபின் அளந்தவை: ஆயில் 1.4 லிட்டர் ஊற்றியாயிற்று, கூலன்ட் மட்டம் அசையவில்லை, முன் பேட் 10இலிருந்து 9 மி.மீ., இடது வலது உள்ளே வெளியே எல்லாம் ஒன்றே.

அடுத்த தடவைக்கு நோட்டில் எழுதியிருப்பது: ஆயில் மாற்றம் ஐந்தாம் வார ஓட்டத்துக்கு முன்னால். ஆறாம் வாரம் காற்றும் பெட்ரோலும் மட்டும். பின் சாக்கெட்டுக்கு 2.5 ஒயர், முறுக்கு இணைப்பு வேண்டாம். தெர்மோஸ்டாட் மாட்டுமுன் போட்டோ. அடித்தட்டுக் கிளிப் பத்து, இப்போதே வாங்கிக் கையுறைப் பெட்டியில்.